வான்கோழி வேட்டைக்கான அழைப்பான்கள்: சிங்கப்பூரில் இருந்தபடியே தேர்வும் பயிற்சியும்

வசந்தகால வான்கோழி வேட்டை அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் நடைபெறுகிறது. டெக்சஸிலோ ஜார்ஜியாவிலோ குடியேறிய உறவினரைப் பார்க்கச் செல்லும் பயணத்தோடு அதையும் சேர்த்துத் திட்டமிடும் சிங்கப்பூர்த் தமிழர்களும், துப்பாக்கியைத் தொடாமல் படக்கருவியுடன் மட்டும் அந்தப் பறவையை நெருங்க விரும்புவோரும், பெரும்பாலும் பயணச்சீட்டு எடுத்த பிறகுதான், வான்கோழியின் குரலை எழுப்பி அதை வரவழைக்கும் கருவிகளான அழைப்பான்களைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அது தாமதம். பெட்டை வான்கோழியின் குரலைக் கருவியில் எழுப்பும் திறன் கையிலும் நாவிலும் படிவதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை பீஷானிலோ ஜூரோங்கிலோ இருக்கும் நம் வீட்டில்தான் கழிக்க வேண்டியிருக்கும். எனவே கருவியின் தேர்வும் பயிற்சி முறையும் அடுக்குமாடி வாழ்க்கைக்கு ஏற்றவையாக அமைய வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சட்டம் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றிக் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதும் பொறிவைத்துப் பிடிப்பதும் குற்றமாகும். துப்பாக்கி குறித்த சட்டங்கள் அதைவிடக் கடுமையானவை. ஆகவே இங்கே செய்யக்கூடியது அழைப்பானைத் தேர்ந்து பழகுவது மட்டுமே. உரிமம், வேட்டைப் பாதுகாப்புக் கல்வி, துப்பாக்கி ஆகியவை குறித்து, செல்லவிருக்கும் மாநிலத்தின் வனவிலங்குத் துறையிடமும் உடன்வரும் வழிகாட்டியிடமும் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். கைப்பேசியிலோ ஒலிபெருக்கியிலோ பதிவை ஒலிக்கவிட்டு வான்கோழியை வரவழைப்பது பல மாநிலங்களில் தடைசெய்யப்பட்டுள்ளது. குறுக்குவழி இல்லை என்பதால்தான் கையாலும் வாயாலும் இயக்கும் கருவிகளை முறையாகக் கற்க வேண்டியிருக்கிறது.

முதலில் காது

எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும் பறவையைக் கேளுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் மக்காலே நூலகத்தில் காட்டு வான்கோழிகளின் குரல்பதிவுகள் ஏராளமாக உள்ளன. அவற்றை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். அழைப்புப் போட்டிகளில் வெல்பவர்களின் பதிவுகளும் கிடைக்கின்றன, ஆனால் தொடக்கத்தில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். போட்டியாளரின் குரல் சீராகவும் பளபளப்பாகவும் இருக்கும். உண்மையான பெட்டையின் குரலோ கரகரக்கும், இடையில் முறியும், சில சமயம் ஒருவித அலட்சியத்துடன் பாதியிலேயே நின்றுவிடும். நாம் பின்பற்ற வேண்டியது பறவையை.

பெட்டையின் ஒலிகளில் முதன்மையானது யெல்ப் எனப்படும் அழைப்பு. ஒவ்வொரு யெல்ப் ஒலியும் மெல்லிய உயர்ந்த சுருதியில் தொடங்கி, உடனே கரகரப்பான தாழ்ந்த சுருதிக்கு இறங்கும். ஏறத்தாழ 'கீ-யாக்' என்று எழுதிக் காட்டலாம். இயல்பான நிலையில் இத்தகைய ஒலிகள் மூன்றிலிருந்து எட்டு வரை ஒரே அளவான இடைவெளியில் தொடர்ந்து வரும். விடியலுக்கு முன், இரவு தங்கிய மரக்கிளையில் இருந்தபடியே பெட்டை எழுப்பும் யெல்ப் இதைவிட அடங்கியது, எண்ணிக்கையிலும் குறைந்தது. கிளக் என்பது ஒற்றை வெட்டு ஒலி. 'இங்கேதான் இருக்கிறேன்' என்று பக்கத்தில் மேயும் பறவைக்குச் சொல்வது. அது இரண்டு மூன்று முறை, நிதானமான இடைவெளிகளில் வரும். அதே ஒலி கூர்மையாகவும் இறுக்கமாகவும் வந்தால் அது பட் எனப்படும் அபாய ஒலியாகிவிடும்; அதைக் கேட்ட வான்கோழி தலையை நிமிர்த்தி விலகி நடக்கும். கற்பவர்கள் கிளக் என்று நினைத்துக்கொண்டு பட் ஒலியை எழுப்புவது மிகவும் சாதாரணமாக நடப்பது, ஆகவே இந்த வேறுபாட்டைக் காதில் நன்றாக ஏற்றிக்கொள்ள வேண்டும். மேயும் பறவை மன நிறைவோடு தொண்டைக்குள் உருட்டும் மெல்லொலி பர். கிளர்ச்சியுற்ற பெட்டை வேகமாகவும் ஒழுங்கற்றும் அடுக்கும் உரத்த வெட்டொலிகள் கட்டிங். மரத்திலிருந்து இறங்கும்போது எழுப்பும் படபடப்பான தொடர் கேக்கிள். தாயைப் பிரிந்த இளம்பறவைகளின் கீச்சொலியான கீ-கீ இலையுதிர்கால வேட்டைக்கு உரியது. வசந்தத்துக்குப் போகிறவர் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

இவற்றை ஏன் எழுப்புகிறோம் என்பது புரிந்தால் பயிற்சியின் நோக்கமும் புரியும். வசந்தத்தில் பகல் நீள நீளச் சேவலின் உடலில் இனச்சேர்க்கைக்கான உந்துதல் எழுகிறது. ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விடியும் ஊரில் வாழும் நமக்கு, பகல் நீளம் ஒரு பறவையின் நடத்தையை எவ்வளவு மாற்றும் என்பது எளிதில் பிடிபடாது. சேவல் காபிள் என்னும் உரத்த குரலை எழுப்பித் தன் இருப்பை அறிவிக்கும். அதைக் கேட்டுப் பெட்டை அதனிடம் செல்லும். இதுவே இயற்கையின் ஒழுங்கு. வேட்டைக்காரரோ பெட்டையின் குரலில் அழைத்து, சேவலைத் தம்மிடம் வரவழைக்கப் பார்க்கிறார். அதாவது ஒழுங்கைத் தலைகீழாக்குகிறார். அழைப்புக்குப் பதில் குரல் கொடுத்த சேவல் பல நேரங்களில் தொலைவிலேயே நின்று, பெட்டை வரட்டும் என்று காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஓயாமல் அழைத்தால் அதன் காத்திருப்புதான் நீளும். ஆகவே நிறுத்தவும் சேர்த்தே பழக வேண்டும்.

எந்தக் கருவி யாருக்கு

அழைப்பான்கள் இரு பெரும் வகையின. ஒன்றோடு ஒன்றை உரசி ஒலி எழுப்புபவை ஒரு வகை. மூச்சால் இயங்குபவை மற்றொரு வகை.

உரசும் வகையில் மிகவும் புகழ்பெற்றது பெட்டி அழைப்பான். ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; இன்றும் அடிப்படை வடிவம் அதுவே. மெல்லிய மரச் சுவர்கள் கொண்ட நீள்பெட்டியின் விளிம்பில், சாக்கட்டி தடவிய மரத்துடுப்பு மூடி உரசும்போது இரண்டு சுருதிகளும் தாமாகவே பிறக்கின்றன. அரை மணி நேரத்தில் ஓரளவு நம்பத்தக்க யெல்ப் வந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு இதையே எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். பரந்த வெளிகளிலும் காற்று வீசும் நாள்களிலும் இதன் ஒலி வெகுதொலைவு செல்லும் என்பதும் உண்மை. ஆனால் அந்த வலிமையே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடைஞ்சலாகிறது. பெட்டியில் அடக்கமாக ஒலி எழுப்புவது உரக்க எழுப்புவதைவிடக் கடினம். பக்கத்து வீட்டில் குழந்தை உறங்கும் நேரத்தில் இதைப் பழக முடியாது. மேலும் மரம் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரின் காற்றில் அது மந்தமாகிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து கற்பவருக்கு முதல் கருவியாக நான் சொல்வது சிலேட்டு அழைப்பானைத்தான். உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கிண்ணம், அதன் மேற்பரப்பில் ஒரு சிலேட்டுத் தகடு, அதன்மேல் உரச ஒரு குச்சி, அவ்வளவே கருவி. மேற்பரப்பு சிலேட்டாக இருந்தால் ஒலி மென்மையாகவும் கனிவாகவும் இருக்கும். கண்ணாடியானால் கூர்மையும் உரமும் கூடும். அலுமினியமானால் இன்னும் உச்சமாகிக் காற்றை ஊடுருவும். குச்சியை மாற்றினாலே குரல் மாறிவிடும் என்பது இதன் சிறப்பு: ஹிக்கரி மரக்குச்சி ஒரு பெட்டையையும், ஊதாநிற மரக்குச்சி வேறொரு பெட்டையையும் தருகிறது. எனவே முதல் முறை வாங்கும்போது ஒரு சிலேட்டுக் கிண்ணமும் வெவ்வேறு மரத்தாலான இரண்டு குச்சிகளும், மழைக்காக அக்ரிலிக் அல்லது கார்பன் குச்சி ஒன்றும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்தத்தைக் குறைத்தால் இதன் ஒலி அறையைத் தாண்டாது.

சிலேட்டுக்கும் பெட்டிக்கும் பொதுவான குறை, இரண்டு கைகளும் அசைய வேண்டும் என்பது. வான்கோழியின் மோப்பம் வலுவானதன்று, ஆனால் அதன் பார்வை அசாதாரணமானது. சேவல் முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்துவிட்டால் விரல் அசைவும் அதன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கட்டத்தில் உதவுவது வாய் அழைப்பான். குதிரைலாட வடிவச் சட்டத்தில் மெல்லிய ரப்பர்ப் படலத்தை இழுத்துக் கட்டி, சுற்றிலும் நாடா ஒட்டிய இச்சிறு கருவி மேலண்ணத்தில் பொருந்தும். கைகள் துப்பாக்கியிலோ படக்கருவியிலோ இருக்க, நாவும் மூச்சும் குரலை உருவாக்கும். விலை மிகக் குறைவு, கற்பதோ மிகக் கடினம். படலங்கள் ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். மேல்படலத்தில் வெட்டுகள் கூடக்கூடக் கரகரப்பு கூடும், தேவைப்படும் மூச்சும் கூடும். ஒற்றை அல்லது இரட்டைப் படலத்துடன், வெட்டு இல்லாமலோ சிறு வெட்டுடனோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அது கலவாத படலத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். விரலால் தள்ளினால் ஒலிக்கும் பொத்தான் அழைப்பான் கிளக், பர் ஆகியவற்றுக்கு அருமையானது. உரத்த குரலுக்கு உதவாது. வான்கோழியின் சிறகெலும்புகளை ஒன்றோடொன்று பொருத்திச் செய்யும் குழல், உதடுகளால் காற்றை உள்ளிழுத்து இயக்கப்படுவது. அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்து வந்த தொன்மையான கருவி, அழகிய குரல் உடையது, ஆனால் முதல் ஆண்டுக்கு உரியதன்று. இருப்பிடம் அறியும் அழைப்பான்கள் வேறொரு நோக்கத்துக்கானவை. பட்டை ஆந்தை, காகம், மயில் போன்றவற்றின் திடீர் உரத்த குரலைக் கேட்டால் சேவல் தன்னையறியாமல் காபிள் எழுப்பிவிடும். அதிலிருந்து அது எங்கே இருக்கிறது என்று அறியலாம். செந்தோசாவில் உலவும் மயில்களின் அகவலை அருகில் கேட்டவர்களுக்கு, அந்தக் குரல் ஏன் அவ்வளவு திடுக்கிட வைக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தாளமே முதல்

பயிற்சியில் பெரும்பாலோர் சுருதியின் பின்னாலேயே ஓடுகிறார்கள். என் உறுதியான கருத்து, தாளம் முதலில் வர வேண்டும் என்பது. பெட்டைகளின் குரல் ஒன்றுக்கொன்று வேறுபடும். கீச்சென்று கத்தும் பெட்டையும் உண்டு, தொண்டை கட்டியதுபோல் பேசும் பெட்டையும் உண்டு. சுருதி சற்றுப் பிசகினால் சேவல் பொறுத்துக்கொள்ளும். ஆனால் யெல்ப் தொடரின் இடைவெளிகள் பிசகினால் அது பறவையின் பேச்சாகவே இராது. மிருதங்கம் கற்கும் பிள்ளை தோலைத் தொடுமுன் சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகுவதைப் போல, கருவியை எடுக்குமுன் 'கீ-யாக், கீ-யாக், கீ-யாக்' என்று வாயால் சொல்லி, தொடையில் தட்டிப் பழகுங்கள். பதிவைக் கேட்டுக்கொண்டே உடன் சொல்லுங்கள். பிறகு பதிவை நிறுத்திவிட்டு அதே காலப்பிரமாணத்தில் தொடருங்கள். இந்தப் பயிற்சிக்கு எம்ஆர்டி நடைமேடைகூட ஏற்ற இடம்தான், மனத்துக்குள் சொல்லிக்கொள்வதானால்.

சிலேட்டைப் பிடிக்கும் முறை ஒலியைத் தீர்மானிக்கிறது. கிண்ணத்தை உள்ளங்கையில் அழுத்தி வைக்காமல், விரல் நுனிகளால் விளிம்பைத் தாங்குங்கள். அடியில் உள்ள துளைகள் திறந்திருந்தால்தான் ஒலி வெளியேறும். குச்சியை எழுதுகோலைப் போல, நுனிக்குச் சற்று மேலே, தளர்வாகப் பிடித்து, மேற்பகுதியைச் சற்று வெளிப்புறமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். யெல்ப் எழுப்ப, குச்சியை மேற்பரப்பிலிருந்து எடுக்காமலேயே சிறு நீள்வட்டங்களை வரையுங்கள். எடுத்து எடுத்து வைத்தால் ஒலி துண்டாகிவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லச் சுருதி உயரும். அந்தப் பரப்பில் எங்கோ ஓரிடத்தில் இரண்டு சுருதிகளும் தெளிவாகப் பிரியும். அதைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே நில்லுங்கள். கிளக் எழுப்ப, குச்சியைச் சற்று அழுத்தி, வட்டமின்றி ஒரு சிறு இழுப்பாக நழுவவிடுங்கள். அதே அழுத்தத்தில் மிக மெதுவாக ஒரு கோட்டை இழுத்தால் குச்சி தானாகவே துள்ளித் துள்ளி நகரும், அதுதான் பர்.

பெட்டியை வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மூடியை அதன் எடையாலேயே உரசவிடுங்கள், அழுத்தாதீர்கள், விளிம்பிலிருந்து தூக்காதீர்கள். மூடியைப் பிணைக்கும் திருகாணியைத் தொட வேண்டாம். செய்தவர் சுருதி பார்த்துப் பொருத்தியது அது.

வாய் அழைப்பானில் முதல் வாரம் ஒலியே வராமல் போகலாம், சிலருக்குக் குமட்டலும் வரும். ஒலி எழுப்ப முயலாமல், சில நாள்கள் தினமும் சற்று நேரம் வெறுமனே வாயில் வைத்திருந்தால் குமட்டல் தணியும். லாடத்தின் திறந்த பக்கம் முன்பற்களை நோக்கி இருக்க வேண்டும். நாடா மேலண்ணத்தோடு காற்று கசியாமல் ஒட்ட வேண்டும்; பெரிதாக இருந்தால் நாடாவின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக நறுக்கலாம், சட்டத்தை நெருங்க வேண்டாம். மூச்சு கன்னங்களிலிருந்து வரக்கூடாது. கண்ணாடியில் ஆவி படிய ஊதும்போது நெஞ்சுக்கடியிலிருந்து எழுமே, அந்த மூச்சு வேண்டும். நாவை மெல்ல உயர்த்திப் படலத்தைத் தொட்டு, முதலில் ஒரே நீண்ட உயர்சுருதியை நிலையாகப் பிடியுங்கள். அது நின்ற பிறகு, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தாடையைக் கீழே இறக்கினால் சுருதி முறிந்து கரகரப்பாகும். அந்த முறிவு கைவந்துவிட்டால் யெல்ப் பாதி வந்துவிட்டது; பிறகு அதைச் சுருக்கி, தாளத்தில் அமைக்க வேண்டியதுதான். நாளுக்கு ஒரு மணி நேரத்தைவிட, காலையும் மாலையும் பத்து நிமிடங்கள் என்பது நல்ல பலன் தரும். உதடும் நாவும் களைத்த பிறகு பழகுவது தவறான பழக்கத்தையே பதிக்கும்.

ஒவ்வொரு வாரமும் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். கைப்பேசியைக் கையருகே வைக்காமல் வீட்டின் மறுகோடியில் வைப்பது நல்லது, ஏனெனில் சேவல் கேட்பது தொலைவிலிருந்து. அருகில் இரைச்சலாகத் தோன்றும் சிலேட்டு ஒலி தொலைவில் பறவையாக மாறுவதும், அருகில் இனிமையாகத் தோன்றியது தொலைவில் வெறும் விசிலாக மாறுவதும் அப்போதுதான் தெரியவரும்.

அடுக்குமாடியில் பழகுவது

இரவு 10 மணிக்குப் பிறகும் காலை 8 மணிக்கு முன்பும் கருவியைத் தொடாதிருப்பது நல்ல அண்டைவீட்டார்க்கு அழகு. துணிகள் நிறைந்த அலமாரிக்கு எதிரே அமர்ந்து பழகினால் ஒலி பெருமளவு அடங்கும். வீட்டின் பாதுகாப்பு அறை தடித்த சுவர்களால் ஒலியை வெளியே விடாது என்றாலும், அதன் கான்கிரீட் எதிரொலி சிறு குரலையும் பெரிதாக்கிக் காட்டி நம்மை ஏமாற்றும். அங்கே தாளத்தைப் பழகலாம், சுருதியை மதிப்பிட வேண்டாம். முழு வலிமையுடன் ஒலிக்க வேண்டிய பயிற்சிக்கு, விரைவுச்சாலையை ஒட்டிச் செல்லும் பூங்கா இணைப்புப் பாதை பொருத்தமானது. வாகன இரைச்சலில் வாய் அழைப்பான் யாரையும் தொந்தரவு செய்யாது. சுங்கை பூலோ, மெக்ரிட்சி போன்ற இயற்கைப் பகுதிகளில் இதைச் செய்யக் கூடாது. அங்குள்ள பறவைகளின் அமைதியைக் குலைக்க நமக்கு உரிமை இல்லை. அவற்றின் குரலைக் கேட்க வந்தவர்களும் அங்கே இருப்பார்கள். ஆனால் காது பழக அங்கே செல்லலாம். புலாவ் உபினின் காட்டுக்கோழிகள் சருகைக் கிளறியபடி தமக்குள் பேசிக்கொள்வதை அசையாமல் அமர்ந்து கேட்பது, மேயும் பறவைக்கூட்டத்தின் குரல் எவ்வளவு தணிந்தது, எவ்வளவு இடைவெளி விட்டது என்பதைக் கற்பிக்கும்.

களத்துக்குப் போகுமுன்

அழைப்பான் ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது: நீங்கள் எழுப்பும் குரல் சேவலை மட்டுமல்ல, வேறொரு வேட்டைக்காரரையும் வரவழைக்கலாம். ஆகவே தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்தே அழைக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகியவை சேவலின் தலையில் தோன்றும் நிறங்கள் என்பதால் உடையில் அவை எங்குமே தெரியக் கூடாது. கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு மணிக்கட்டில் இருந்தால் கையுறைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள். வேறு மனிதர் நெருங்குவதைக் கண்டால் கையசைக்கவோ அழைப்பானை ஒலிக்கவோ வேண்டாம்; இருந்த இடத்திலிருந்தே உரத்த மனிதக் குரலில் பேசுங்கள். சேவலின் காபிள் குரலைப் பாவிக்கும் கருவிகளைப் பொதுநிலத்தில் பயன்படுத்தவே கூடாது. இன்னொருவர் எழுப்பும் வான்கோழிக் குரலை நோக்கிப் பதுங்கிச் செல்வதும் அதே அளவு ஆபத்தானது.

விடியலில் சேவல் மரத்தில் இருக்கும்போது அடங்கிய யெல்ப் ஓரிரு முறை போதும். அது பதிலளித்துவிட்டால் நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு கருவியைக் கீழே வைக்கும் மனவலிமை வேண்டும். காலை ஏறி, பெட்டைகள் முட்டையிடப் பிரிந்து சென்றபின் தனித்துவிடப்படும் சேவல், விடியலில் திரும்பியும் பார்க்காத அழைப்புக்கு ஆவலோடு வரக்கூடும். எனவே முதல் இரண்டு மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று எழுந்துவிடாதீர்கள். நெருங்கி வரும் சேவலுக்குக் கிளக்கும் பர்ரும் மட்டும், அதுவும் அது தயங்கி நின்றால் மட்டும்.

பேணுதல்

நம் ஊரின் ஈரக்காற்று இக்கருவிகளுக்குப் பகை. பெட்டியையும் சிலேட்டையும் படக்கருவிக்கான ஈரமகற்றும் பெட்டியில் வைக்கலாம். அது இல்லையென்றால் காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். சிலேட்டின் மேற்பரப்பை விரலால் தொடக் கூடாது, தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் குச்சி வழுக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்துண்டால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்தால் சிலேட்டு மீண்டும் பிடிக்கும்; கண்ணாடிக்குச் சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டும். குச்சியின் நுனியையும் அவ்வப்போது தேய்த்துவிட வேண்டும். பெட்டிக்கு எண்ணெயோ மெழுகோ கலவாத சாக்கட்டியையே பூசுங்கள். சாதாரணக் கரும்பலகைச் சாக்கட்டிகளில் கலந்திருக்கும் பொருள்கள் விளிம்பை வழவழப்பாக்கிவிடும். வாய் அழைப்பானை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசி, படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையில் பல்குத்தும் குச்சியைச் செருகி உலரவிட்டு, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெயில் பட்டால் ரப்பர் விரைவில் தளர்ந்துவிடும். ஓரம் சுருங்கி அலையலையாகத் தெரியும் படலத்தை வைத்துக்கொண்டு உங்கள் நாவைக் குறைசொல்லாதீர்கள், புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கும் ஒரே மாதிரியான இரண்டை எடுத்துச் சென்று, புறப்படுமுன்பே இரண்டிலும் பழகியிருங்கள்.